சின்ன வயிற்றுப் பீப்பாய்

போன மழையில் ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து எனக்குப் போன் வந்தது. பேசியவன் முன்பின் பழக்கமில்லாத பையன். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், டேங்க்ல தண்ணி எறங்கிடிச்சி. ராடுல பேஸ்ட்டு தடவி வுட்டா கலரே மாறல. ஆனா ஊத்திகினு போன வண்டிங்கோ எல்லாம் பாதி வழில நிக்குது. இன்னா சார் பண்றது?"

பம்பை முதலில் மூடச் சொன்னேன். எங்கள் காலத்தில் பெட்ரோலில் தண்ணீர் இறங்கினால் பெரிய விஷயமில்லை. இரண்டும் ஒட்டாது. கொஞ்ச நேரம் ஆடாமல் விட்டால் கனமான தண்ணீர் அடியில் தங்கும், பெட்ரோல் மேலே நிற்கும், அடியில் இருப்பதை இறைத்துவிடலாம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அதற்குத் தண்ணீர் மேல்தான் ஆசை. தண்ணீரைக் கண்டதும் பெட்ரோலைக் கைவிட்டு அதனுடன் அடிக்குப் போய்விடும். தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற பழைய பேஸ்ட்டுக்கு அந்தக் கலவையைச் சரியாக அடையாளம் தெரியாது. அதற்கென்று வேறு பேஸ்ட் இருக்கிறது, கம்பெனிக்காரரைக் கூப்பிடு என்றேன்.

"இத்தெல்லாம் எங்க சார் கத்துகினீங்க?" என்றான்.

"ஒரு சின்ன வயிற்றுப் பீப்பாய்கிட்ட" என்றேன். பையன் சிரித்தான். சிரிக்கிற விஷயமில்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் ஒரு பேப்பர் நின்றுபோனவன். திருத்தணியில் மலைக்குக் கீழே ஒரு பங்க். அதன் பின்கட்டிலேயே ரேஷன் கடைகளுக்கு மண்ணெண்ணெய் அனுப்பும் ஏஜென்சி. இரண்டுக்கும் ஒரே முதலாளி. அங்கே சரக்கைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே மேனேஜராக ஓய்வு பெற்றேன். நடுவில் அந்த ஒரு பேப்பரை எழுதிப் பாஸ் செய்தேனா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கு மேலே இருந்தவர் ஜப்பார் பாய். ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளை முழுக்கைச் சட்டை. மண்ணெண்ணெயில் புழங்குகிறவருக்கு வெள்ளைச் சட்டை எதற்கு என்று எல்லோரும் கிண்டல் செய்வோம். கறை பட்டால் எதன் கறை என்று தெரியவேண்டும் என்பார். டேங்கர் லாரி வந்து நின்றால் உடனே மூடியைத் திறக்க விடமாட்டார். முதலில் எர்த் கம்பியை மாட்டச் சொல்வார். பிறகு, "படியட்டும்" என்று ஒரு வார்த்தை. டிரைவர் அவசரப்படுவான், முதலாளி மகன் அவசரப்படுவான். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருப்பார்.

அதன்பின் கண்ணாடி ஜாடியில் சரக்கைப் பிடித்து, ஹைட்ரோமீட்டரை மிதக்க விடுவார். கண்ணாடிக் குழல்தான், அடியில் ஈயக் குண்டு இருக்கும். சரக்கு கனமாக இருந்தால் குழல் மேலே நிற்கும்; லேசாக இருந்தால் அமிழும். கூடவே தெர்மாமீட்டர். அது ஜாடிக்குள் இருக்கும்வரை யாரும் பேசக்கூடாது. பேசினால் என்ன ஆகிவிடும் பாய் என்று ஒருநாள் கேட்டேன். "எண்ணெய்க்கு ஒண்ணும் ஆவாது. நீ படிக்கிற நம்பருதான் தப்பாவும்" என்றார்.

அவர் வைத்த சட்டங்களில் ஒன்று மழைச் சட்டம். மழை வந்தால் எந்தப் பீப்பாயும் நட்டமாக நிற்கக்கூடாது, படுக்கப்போட வேண்டும். நிற்கிற பீப்பாயின் தலையில் தண்ணீர் தேங்கும். மழையில் பீப்பாய் குளிரும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சுருங்குகிற காற்று, மூடியின் மரைவழியாக அந்தத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். நல்ல சட்டம். அந்தச் சட்டம்தான் எங்களைக் கொல்லப் பார்த்தது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்த நேரம். அப்போது எல்லா வீட்டுக்கும் கேஸ் வந்திருக்கவில்லை. ரேஷனில் நீல மண்ணெண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் பட்டன் போன் வந்துவிட்டது. காவடி வண்டிகள் ராப்பகலாகப் பெட்ரோல் போட்டதில் எங்கள் டேங்க் அடிமட்டத்துக்குப் போய், அடியில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் பம்பில் ஏற ஆரம்பித்தது. பாய் வியாபாரத்தை நிறுத்தி, கைப்பம்பு போட்டு அந்தத் தண்ணீரை இறைத்தார். தண்ணீர் மட்டும் தனியாக வருமா? பெட்ரோலும் சேர்ந்துதான் வந்தது. அதைக் காலிப் பீப்பாய் ஒன்றில் பிடித்து, சுவரோரம் நட்டமாக நிறுத்தி, 'படியுது' என்று சாக்பீஸால் எழுதிவைத்தார். மறுநாள் தண்ணீரைத் தனியாக வடித்துவிட்டுப் பெட்ரோலைத் திரும்ப ஊற்றலாம் என்று திட்டம்.

இரவு மழை கொட்டியது. வாட்ச்மேன் சட்டப்படி நடந்தார். நின்றிருந்த பீப்பாயைக் காலிப் பீப்பாய்களோடு படுக்கப்போட்டார். மழை, சாக்பீஸ் எழுத்தைக் கழுவிவிட்டது.

காலையில் ஏழுமலை வந்தான். பீப்பாய் நிரப்புகிறவன். ரேஷன் கடையிலிருந்து திரும்பி வரும் பீப்பாய்களில் கொஞ்சம் மண்ணெண்ணெய் எப்போதும் மிச்சமிருக்கும். மழைநாளில் தண்ணீரும் இருக்கும். அதனால் நிரப்புவதற்கு முன்னால் பீப்பாயைச் சாய்த்து அடித்தண்ணீரை வடிப்பது வழக்கம். அவனும் வடித்தான். படிந்த பீப்பாய் அல்லவா, முதலில் தண்ணீராகவே வந்தது. ராத்திரி மழை என்று நினைத்துக்கொண்டான். எண்ணெய் தலைகாட்டியதும், வீணாகப் போகவேண்டாமே என்று நிமிர்த்திவிட்டான். பங்க் வாசலில் பெட்ரோல் வாடை அடித்தால் யார் சந்தேகப்படுவார்கள்? நாங்கள் மூச்சு விடுவதே அந்த வாடையில்தான். அதன்மேல் மண்ணெண்ணெயை நிரப்பினான்.

நிரப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினான்: "தாமுண்ணா, இந்தப் பீப்பா சின்ன வயிறுண்ணா! எரநூறு புடிக்கல. நூத்தி எம்பத்தாறுலயே ரொம்பிடிச்சி!"

"நசுங்கிகீதா பாரு."

"ஒரு நசுங்கலும் இல்லண்ணா."

பாக்கியைக் கேனில் ஊற்றி வேனில் ஏற்றிவிட்டான். மூன்று பீப்பாய்களோடு வேன் அம்மையார்குப்பத்துக்குக் கிளம்பிப் போனது.

நான் டீ குடிக்கப் போனேன்.  இரும்புப் பீப்பாய் ராத்திரியோடு ராத்திரியாகச் சுருங்குமா? பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகச் சொல்லித் தருகிற பாடம் அது. பொருள் என்றால் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்று நுழையாது. பதினான்கு லிட்டர் உள்ளே போகவில்லை என்றால், பதினான்கு லிட்டர் இடத்தில் வேறு எதுவோ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. டீயை வைத்துவிட்டுத் திரும்பி வந்து சுவரோரம் பார்த்தேன். அங்கே பீப்பாய் இல்லை. பீப்பாயின் அடிவட்டம் மட்டும் தரையில் தெரிந்தது.

பாயிடம் ஓடினேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். வேன் டிரைவரின் போன் ஸ்விட்ச் ஆஃப், ரேஷன் கடைப் போனை யாரும் எடுக்கவில்லை. முதலாளி மகன் கல்லாவிலிருந்து, "கொஞ்சந்தான பாய். இந்நேரம் நல்லா கலந்து பூட்டிருக்கும், வுடுங்க" என்றான்.

"கலந்துதான் தம்பி பூட்டிகீது. அத்தான் பயமே" என்றார் பாய்.

தண்ணீராக இருந்தால் பிரிந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஒரே குடும்பம். கலந்தால் படியாது, வடிகட்டினால் பிரியாது. காய்ச்சி வடித்தால்தான் உண்டு, அதுவும் சுத்திகரிப்பு ஆலையில். இன்னொன்றும் இருக்கிறது. மண்ணெண்ணெய் தானாகச் சட்டென்று தீப்பிடிக்காது. திரியில் ஏறிச் சூடாக வேண்டும். அதில் கொஞ்சம் பெட்ரோல் சேர்ந்தால் போதும், ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும், எட்ட இருக்கும் நெருப்பையே இழுத்துக்கொள்ளும். அதை ஸ்டவ்வில் ஊற்றிப் பற்றவைத்தால் டப்பா சூடாகச் சூடாக என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பகல் சமையலுக்குப் பெண்கள் ஸ்டவ்வைத் தொடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஏழுமலை சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். "அண்ணா, அம்மையார்குப்பத்துல எங்க அக்கா வூடுண்ணா. எங்க பாவா அங்கதான் பவர்லூம் ஓட்றாரு" என்றான். 

இன்னொரு வேனில் நல்ல மண்ணெண்ணெய் ஒரு பீப்பாய், ஜாடி, ஹைட்ரோமீட்டர் பெட்டி, நாலைந்து கோணிப்பைகள் இவற்றை ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். மலையிலிருந்து இறங்கின கூட்டம் சாலை முழுக்க. மொட்டைத் தலைகள், பம்பைச் சத்தம், மஞ்சள் துணிகள். ஹாரன் அடித்தால் அரோகரா என்று பதில் வருகிறது. ஏழுமலை அக்காவுக்கும் பாவாவுக்கும், அதாவது அக்கா புருஷனுக்கும், மாறி மாறிப் போன் போட்டுக்கொண்டே வந்தான். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. பவர்லூம் தெருவில் தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் கத்தினாலே கேட்காது. போன் சத்தம் எங்கே கேட்கும்?

ரேஷன் கடையில் வரிசை கலைந்துகொண்டிருந்தது. விற்பனை செய்கிற கோமளாம்மா, கனத்த குரலுள்ள பெண்மணி, எங்களைப் பார்த்ததும் "இன்னா பாய், ஊர்வலமா வந்துகிறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த அளவுக் குவளையைக் கீழே வைத்துவிட்டார். மூன்று பீப்பாய்களில் ஒன்று கதவுக்கு உள்ளே நிழலில் நின்றது. காலையிலிருந்து அதைத்தான் திறந்து ஊற்றியிருக்கிறார்கள். கால்வாசிக்கு மேல் போய்விட்டது. திறக்காத இரண்டில் ஒன்று அதன் பக்கத்தில், இன்னொன்று வெளியே வெயிலில். எது எந்தப் பீப்பாய் என்று ஏழுமலைக்கே அடையாளம் தெரியவில்லை. மூன்றும் நீலம், மூன்றிலும் ஒரே வாடை.

பாய் ஜாடியைத் துடைத்தார். மூன்றிலும் சரக்குப் பிடித்து ஹைட்ரோமீட்டரை விட்டார். திறந்த பீப்பாயும் வெயிலில் நின்ற பீப்பாயும் ஒரே எண்ணைக் காட்டின. உள்ளே இருந்த திறக்காத பீப்பாய் மட்டும் தனி எண்.

கோமளாம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "அப்பாடா! ரெண்டு ஒண்ணா கீது, ஒண்ணுதான் வேறயா கீது. அந்த வேறதான கெட்டது? அத்த நான் தொறக்கவே இல்ல பாய்!"

ஏழுமலை தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கும் நெஞ்சில் காற்று வந்தது. சுற்றி நின்றவர்கள் கேனை நீட்ட ஆரம்பித்தார்கள். பாய் மட்டும் அசையவில்லை. தெர்மாமீட்டரை எடுத்து முதல் ஜாடியில் இறக்கினார். எங்கள் சட்டம் தெரியாத கூட்டம், வாய் ஓயாமல் பேசியது. "ஷ்ஷ்" என்று நான் அதட்டினேன். ஒரு கிழவர் என்னை முறைத்தார்.

வெயிலில் நின்ற சரக்கு நன்றாகச் சூடேறியிருந்தது. நிழலில் இருந்த இரண்டும் ஒரே குளிர்ச்சி.

எனக்குப் புரிந்தது. சூடானால் எண்ணெய் விரியும், விரிந்தால் லேசாகும். வெயில் பீப்பாய் லேசாக இருப்பதற்கு வெயிலே காரணம். அதைக் கழித்தால் அது நல்ல சரக்கு. திறந்த பீப்பாயோ நிழலில் குளிர்ந்து நின்றுகொண்டே அதே அளவு லேசாக இருக்கிறது. அதை லேசாக்கியது வெயில் அல்ல. ஊருக்கு ஊற்றிக் கொடுத்ததுதான் கெட்ட பீப்பாய்.

பாய் என்னை ஒருமுறை பார்த்தார். கடைக்குப் பின்னால் ஆளில்லாத மேட்டுக்குப் போய், இரண்டு தகர மூடிகளில் வெயில் பீப்பாயிலிருந்து ஒரு கரண்டி, திறந்த பீப்பாயிலிருந்து ஒரு கரண்டி ஊற்றச் சொன்னார். முதல் மூடியில் எரியும் தீக்குச்சியைப் போட்டார். நல்ல சரக்கு, குச்சி அணைந்தது. இரண்டாவது மூடிக்கு இன்னொரு குச்சியைக் கிழித்து, கையை நீட்டிக் குனிந்தார். குச்சி எண்ணெயைத் தொடவே இல்லை. பொப்பென்று ஆளுயரத்துக்குக் கிளம்பியது.

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கோமளாம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். யார் யார் வாங்கினார்கள் என்பது அவருக்கு முகத்தோடு ஞாபகம் இருந்தது. வாங்கின அளவுக்கு நல்ல மண்ணெண்ணெய் மாற்றித் தருகிறோம் என்று வீடு வீடாகச் சொல்லிக் கேன்களை வாங்கினோம். "நல்லாத்தான கீது?" என்று கொடுக்க மறுத்தவர்களும் உண்டு. கைமாற்றாக டம்ளரில் ஊற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தவர்களும் உண்டு. அந்த டம்ளரையும் தேடிப் போனோம்.

பேட்டரியில் ஓடுகிற கோயில் மைக்கில் சொல்லிப் பார்த்தோம். தறிச் சத்தத்தில் மைக்கே கேட்கவில்லை. கூட வந்த ஒருவர், "லைன்மேன்கிட்ட சொல்லி கரண்ட்டப் புடுங்கிட்டா தறியெல்லாம் நின்னுடும், மைக்கு நல்லா கேக்கும்" என்றார். அருமையான யோசனை என்று நான் போனை எடுத்துவிட்டேன்.

பாய் என் கையைப் பிடித்தார். வானத்தைக் காட்டினார். மறுபடி மழை இருட்டிக்கொண்டு வந்தது. "ஓட்டு வூடுங்கோ. உள்ள இப்பவே இருட்டு. கரண்ட்டு போனா மொதல்ல இன்னா பண்ணுவாங்க?"

விளக்கு ஏற்றுவார்கள். எதை ஊற்றி ஏற்றுவார்கள்? நான் போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

முதலில் வாங்கினவர்கள்தான் முதலில் பற்றவைப்பார்கள் என்று பாய் வரிசைப்படியே போகச் சொன்னதால், கடைசியில்தான் ஏழுமலையின் அக்கா வீடு. கோமளாம்மாவின் ஞாபகத்தில் அவன் அக்கா செல்வி நேரம் கழித்து வந்து வாங்கியவள், தெருவும் கோடித் தெரு. இரண்டு பக்கமும் தறிக் கொட்டகைகள். தரையே அதிர்ந்தது. கதவு திறந்திருந்தது. வாசலில் காலிக் கேன். நடையைத் தாண்டி உள்ளே இருட்டில் செல்வி, எங்களுக்குப் பக்கவாட்டில் குந்தியிருந்தாள். அவளுக்கு முன்னால் திரி ஸ்டவ், மேலே சோற்றுப் பானை. ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. நீலமாக எரியவேண்டிய தீ மஞ்சளாக, திரிக் கூட்டை மீறி, பானையின் பாதிவரை ஏறிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து கீழே உள்ள திருகைத் திருப்பித் தீயைக் குறைக்கப் பார்த்தாள். குறையவில்லை. இன்னும் கிட்டே குனிந்தாள்.

ஏழுமலை "அக்கா!" என்று கத்தியபடி பாயப் போனான். பாய் அவன் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து நிறுத்தினார். அவன் காதோடு வாயை வைத்துக் கத்தினார். அப்படிக் கத்தினால்தான் கேட்கும், எனக்கும் கேட்டது.

"ஓடாத! அவ திடுக்குனு எழுந்தான்னா முந்தானி பட்டு ஸ்டவ் கவுந்துடும். மெதுவா போ. அவ கண்ணுல படற மாரி போ. சிரிச்சிகினே போ!"

என் வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் ஒழுக, பல்லைக் காட்டிக்கொண்டு, சுவரோரமாகச் சுற்றி அவள் எதிரே போய் நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்பட்டாள், ஏதோ கேட்டாள். அவன் கையை நீட்டினான். விருந்தாளியாக வந்த தம்பி எதையோ காட்டக் கூப்பிடுகிறான் என்று நினைத்திருப்பாள். சாவகாசமாக முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள். அந்த முந்தானை தீயின் பக்கமாகப் போய்த் திரும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவன் அவளைக் கையைப் பிடித்து நடைக்குக் கூட்டி வந்துவிட்டான்.

நானும் பாயும் உள்ளே போனோம். வாசல் தொட்டியில் முக்கின கோணிப்பைகள். பாய் கரித்துணியால் பானையை நேராகத் தூக்கி ஓரத்தில் வைத்தார், ஒரு துளி சிந்தவில்லை. நான் முதல் கோணியை மூடினேன். ஓரத்தில் தீ நாக்கை நீட்டியது. இரண்டாவது கோணியை அவர் கையாலேயே அமுக்கிப் பிடித்தார். புகை வந்தது, பிறகு அதுவும் நின்றது. பாயின் வெள்ளைச் சட்டைக்கை முழங்கைவரை கருகியிருந்தது. எதன் கறை என்று நான் கேட்கவில்லை. பக்கத்துக் கொட்டகையில் தறி ஒரு நொடிகூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே செல்வி எங்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். "அரவேக்காட்டுச் சோத்துல வந்து கோணியப் போட்றீங்களே, எங்கூட்டுக்காரரு துன்றதுக்கு வர நேரம்!" ஏழுமலை தெருவிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். "இன்னாடா இவன், கிருத்திகைக்கு வந்துட்டு எழவு வூட்ல அழுவற மாரி அழுவறான்!" என்று அவள் சிரித்தாள். யாரும் அவளுக்கு முழுதாகச் சொல்லவில்லை. 

ஸ்டவ் ஆறட்டும் என்று பாய் காத்திருந்தார். ஆறிய பிறகு டப்பாவைக் கவிழ்த்து வடித்து, திரிகளை எல்லாம் பிடுங்கிப் புதுத் திரி போட்டு, நல்ல மண்ணெண்ணெய் ஊற்றினார். ஊற்றுவதற்கு முன் மூடியில் கொஞ்சம் எடுத்துப்போய்த் தெருவில் வைத்துத் தீக்குச்சியைப் போட்டார். அணைந்தது. உள்ளே வந்து அவரே பற்றவைத்தார். நீலத் தீ. பானையை ஏற்றி வைத்துவிட்டு, உலை மறுபடி கொதிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். செல்வி அவருக்குச் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கெட்ட பீப்பாயையும் மீட்ட கேன்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அதை மண்ணெண்ணெய் என்று சொல்லி ஒருவருக்கும் விற்கக்கூடாது என்று பாய் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார். வாட்ச்மேனையும் ஏழுமலையையும் நிறுத்தவேண்டும் என்று முதலாளி மகன் குதித்தபோது, "சட்டம் வெச்சவன் நான், என்ன நிறுத்து" என்றார். யாரையும் நிறுத்தவில்லை. அன்றைக்குப் பிறகு எங்கள் ஏஜென்சியில், படிய வைக்கிற பீப்பாய்க்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துச் சுவரோடு சங்கிலி போட்டோம்.

ஆனால் எனக்கு ஞாபகம் நிற்பது அந்தச் சங்கிலி இல்லை. திரும்பி வருகிற வழி. மழை பிடித்துக்கொண்டது.  ஆர்.கே. பேட்டை தாண்டியிருப்போம், ஏழுமலையின் போன் அடித்தது. பாவா. தறி நின்றதும் போனைப் பார்த்திருக்கிறார், இன்னும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ஏழுமலை போனைக் காதில் வைத்தான். அங்கிருந்து அவர் பேசுவது எனக்கே கேட்டது.

"இன்னா மச்சான், காலைலேருந்து இத்தினி கால் பண்ணிகீற? இன்னா விசேஷம்?"

ஏழுமலை போனைப் பாயிடம் நீட்டினான். பாய் கருகிய சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வாங்கினார்.

"ஒண்ணுமில்ல தம்பி" என்றார். "உங்கூட்ல சோறு வெந்துச்சான்னு கேக்கத்தான்."